வெட்டாமல் மடித்த கத்தரிக்கோல்

சின்னவனுக்கு நாலு வயது முடிந்த வாரம். அவன் அக்காவின் பழைய கத்தரிக்கோலையும் ஒரு வெள்ளைத் தாளையும் கொடுத்து உட்காரவைத்தேன். கத்தரிக்கோல் வாயைத் திறந்தது, தாளைக் கவ்வியது, மூடியது. வெட்டவில்லை. தாள் இரண்டு அலகுகளுக்கும் நடுவே மடங்கி மாட்டிக்கொண்டது. உருவி எடுத்து மறுபடி வைத்தான். மறுபடியும் அதே. நாலாவது தடவை கத்தரிக்கோல் மேசைக்கு அடியில் போய் விழுந்தது. "எனக்கு வராதுப்பா" என்று எழுந்து போய்விட்டான்.

விரலில் இன்னும் பலம் வரவில்லை போல என்றுதான் நானும் நினைத்தேன். அது தப்பு என்று புரிவதற்குப் பத்து நாள் ஆயிற்று. மொத்தம் ஆறு வாரம், சாயங்காலம் பத்து நிமிடம், சில நாள் அரை மணி. அதை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். ஒன்றுமே நடக்காத நாட்களை விட்டுவிட்டேன்.

முதலில் கத்தரிக்கோல்

எந்தச் சாமான் மக்கர் செய்தாலும் முதலில் அதை நாமே பயன்படுத்திப் பார்க்க வேண்டும். குழந்தையின் கத்தரிக்கோல் விஷயத்தில் மட்டும் இதை யாரும் செய்வதில்லை. அதன் வளையத்துக்குள் என் கட்டைவிரல் பாதிதான் நுழைந்தது. எப்படியோ மாட்டி வெட்டினேன். வெட்டியது, ஆனால் நுனிக்கு வரும்போது தாளை இழுத்தது.

ஒரு வளையத்தைப் பிடித்து நிமிர்த்தி, இன்னொரு பக்கத்தை அகல விரித்து விட்டேன். தொப்பென்று தானாக விழுந்து மூடிக்கொண்டது. நடுத்திருகாணி தளர்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். சரியாக இருந்தால் விட்ட இடத்திலிருந்து கொஞ்சம் இறங்கி நின்றுவிடும். திருகாணி தளர்ந்தால் இரண்டு அலகுகளுக்கும் இடையே மயிரிழை சந்து விழும். தாள் வெட்டுப்படாமல் அந்தச் சந்துக்குள் மடிந்து நுழைந்துவிடும். நான் பார்த்ததும் அதுதான்.

திருப்புளியை எடுத்து இறுக்கினேன். ரொம்பவே இறுக்கிவிட்டேன். பெரியவள் ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்குப்பா" என்றாள். கால் சுற்று தளர்த்தினேன், சரியாயிற்று. இது திருகாணி வைத்தது என்பதால் தப்பித்தேன். சிறுபிள்ளைக் கத்தரிக்கோல் பலவற்றில் திருகவே முடியாத ஆணிதான் அடித்திருக்கும், அது தளர்ந்தால் வேறு வாங்குவதே மேல்.

அலகின் உட்பக்கம் இன்னொரு கதை. டேப்பும் கோந்தும் வெட்டி வெட்டி, பழுப்பாக ஒரு பிசுக்கு காய்ந்து ஒட்டியிருந்தது. பஞ்சில் சானிடைசரை நனைத்துத் துடைத்தேன், போய்விட்டது. அலுமினியத் தாளை நாலாக மடித்துப் பத்துப் பன்னிரண்டு தடவை வெட்டினால் கூர் ஏறும் என்று சொல்வார்கள். செய்து பார்த்தேன். அலகில் இருந்த சின்னப் பிசிறு போயிற்று, அவ்வளவுதான். சாணை பிடித்த மாதிரி ஆகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்று. முழுக்க பிளாஸ்டிக்கில் அலகு வைத்த கத்தரிக்கோல் ஒன்றும் வீட்டில் இருந்தது. 'பாதுகாப்பானது' என்று நினைத்து எப்போதோ வாங்கியது. அது பிசைந்த மாவை வெட்டும், காகிதத்தை வெட்டாது. தாளை வெட்டப் பழகுகிற பிள்ளைக்கு அதைக் கொடுப்பது வீண் கோபத்தைக் கிளப்பும் வேலை. உலோக அலகு, மழுங்கின வட்ட நுனி, கைக்கு அடங்கிய அளவு. இது போதும்.

அப்புறம் காகிதம்

சரிசெய்த கத்தரிக்கோலைக் கொடுத்தேன். பத்தில் மூன்று தடவை வெட்டியது. மீதி ஏழு தடவை மடங்கியது.

அடுத்த சந்தேகம் தாள் மேல். பிரிண்டருக்குப் போடும் தாள் பொதுவாக 80 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 80 கிராம் எடை. 16 ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர், அப்படியானால் ஒரு தாள் 5 கிராம். அதைப் பெரியவர்கள் பிடித்தால் விறைப்பாக நிற்கும். நாலு வயதுக் கை ஒரு ஓரத்தை மட்டும் பிடிக்கும்போது மறு ஓரம் வாழை இலை மாதிரி தொங்கிவிடும். தொங்குகிற தாளை வெட்டுவது நமக்கே கஷ்டம்.

160, 180 ஜிஎஸ்எம் அட்டைத்தாளுக்கு மாறினேன். பழைய வாழ்த்து அட்டை, நோட்டு அட்டை, அழைப்பிதழ் எல்லாமே இந்தத் தடிமனிலோ இன்னும் கொஞ்சம் கெட்டியாகவோ இருக்கும். கெட்டியான தாளை வெட்டுவது சிறுவர்களுக்குக் கடினம் என்று நாம் நினைக்கிறோம், நேர்மாறு. அது அசையாமல் நிற்கும், வெட்டும்போது 'கறுக்' என்று சத்தமும் கேட்கும். அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பொருள் அடைத்து வரும் தடித்த டப்பா அட்டை வேண்டாம். அதற்கு உண்மையாகவே கைப்பலம் வேண்டும்.

அட்டைத்தாளை 2 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக நானே வெட்டிக் கொடுத்தேன். ஒரு தடவை கத்தரிக்கோலை மூடினால் ஒரு துண்டு விழ வேண்டும் என்பதுதான் கணக்கு. ஏழு மடங்கல் நாலாகக் குறைந்தது. பாதிக்கு மேல் வெட்டுகிறான், சரிதான். ஆனால் கத்தரிக்கோல் அதேதான், தாளும் அதேதான், நான் வெட்டினால் ஒரு தடவைகூட மடங்கவில்லையே.

கை

பத்தாம் நாள். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவனுக்கு நான் இருப்பது தெரியாது. கத்தரிக்கோல் இடது கையில் இருந்தது. 'கறுக்' இல்லை, மடங்கல். நான் உள்ளே வரும் சத்தம் கேட்டதும் வலது கைக்கு மாற்றிக்கொண்டான்.

அவன் கிரேயானை இடது கையில் பிடிப்பது எனக்குத் தெரியும். பந்து எறிவதும் இடதுதான். ஆனால் முதல் நாள் கத்தரிக்கோலை அவன் விரலில் மாட்டிவிட்டது நான். என்னை அறியாமல் வலது கையில் மாட்டிவிட்டேன். அப்பா மாட்டிய கை இது என்று நான் பார்க்கும்போது வலதிலும், பார்க்காதபோது இடதிலும் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறான். வலது கையில் வைத்தால் அவன் விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. இடது கையில் வைத்தால் கத்தரிக்கோல் கேட்பதில்லை.

ஏன் கேட்பதில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கே அன்றுவரை தெரியாது. கத்தரிக்கோலை மூடும்போது விரல்கள் மேலும் கீழுமாக மட்டும் அசைவதில்லை. கட்டைவிரல் லேசாக வெளியே தள்ளும், மற்ற விரல்கள் லேசாக உள்ளே இழுக்கும். வலதுகைக் கத்தரிக்கோலை வலது கையில் பிடித்தால் இந்தத் தள்ளல் இரண்டு அலகுகளையும் ஒன்றோடொன்று உரசவைக்கும், வெட்டும். அதையே இடது கையில் பிடித்தால் அதே தள்ளல் அலகுகளைப் பிரித்துவிடும். திருகாணியை எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் சந்து விழும், தாள் மடங்கும். போதாக்குறைக்கு மேல் அலகு வலப்பக்கம் இருப்பதால் இடதுகைப் பிள்ளைக்கு வெட்டும் கோடே தெரியாது. அலகு மறைத்துவிடும்.

கத்தரிக்கோலைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் சரியாகிவிடாதா என்று நானும் திருப்பிப் பார்த்தேன். ஆகாது. எப்படித் திருப்பினாலும் மேலே வரும் அலகு அதே பக்கத்தில்தான் இருக்கும். இடதுகைக் கத்தரிக்கோலில் அலகுகளே மாற்றிப் பொருத்தப்பட்டிருக்கும், மேல் அலகு இடப்பக்கம் இருக்கும். 'இரு கைக்கும் ஏற்றது' என்று போட்டு விற்பவற்றில் பெரும்பாலும் கைப்பிடி மட்டும்தான் இரு கைக்கும் ஏற்றது, அலகு பழைய வலதுகை அலகேதான். வாங்கும்போது கைப்பிடியைப் பார்க்காமல் அலகைப் பாருங்கள்.

பத்து நாள் ஒரு பிள்ளையை அவன் கைக்கு வெட்டாத கத்தரிக்கோலோடு உட்காரவைத்து, விரலில் பலம் இல்லை என்று முடிவுகட்டியிருக்கிறேன்.

கிழிக்கும் வாரம்

இடதுகைக் கத்தரிக்கோல் கைக்கு வர ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளும் கத்தரிக்கோலைக் கண்ணில் காட்டவில்லை. கிழித்தோம்.

கிழிப்பது சும்மா பொழுதுபோக்குக்குச் செய்ததுதான், அதில் இவ்வளவு சரக்கு இருக்கும் என்று நினைக்கவில்லை. தாளின் ஓரத்தை இரண்டு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அடுத்தடுத்துப் பிடித்து, ஒரு கை முன்னால் போக ஒரு கை பின்னால் வர வேண்டும். இரண்டு கையும் இரண்டு வேறு வேலை செய்கின்றன. முதல் நாள் அவன் தாளின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக் கயிறு இழுப்பது மாதிரி இழுத்தான். கிழியவில்லை. விரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன், சர்ரென்று வந்தது.

செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் ஓரளவு நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். காகிதம் தயாராகும்போது நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையில் படுத்துவிடுகின்றன, அந்தத் திசையோடு போனால் நேர், எதிர்த்தால் கோணல். இதைப் பெரியவள் கண்டுபிடித்து, தம்பிக்கு நேர்ப்பக்கத்தைக் கொடுத்துவிட்டுக் கோணல் பக்கத்தைத் தான் எடுத்துக்கொண்டாள். கோணல் துண்டுகள் மலை ஆயின, அலை ஆயின. ஒரு பெரிய மீனை வரைந்து உள்ளே கிழிசல்களை ஒட்டினார்கள். இடையே துணி கிளிப்பால் பஞ்சு உருண்டைகளைக் கவ்வி ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் விளையாட்டும் நடந்தது. திறந்து மூடும் பழக்கத்துக்கு அது நல்லது.

துணுக்குப் பெட்டி

புதுக் கத்தரிக்கோல் வந்த அன்று நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. பட்டைகளைக் கொடுத்தேன், இடது கையில் மாட்டிவிட்டேன். 'கறுக்'. ஒரு துண்டு விழுந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். 'கறுக்'. 'கறுக்'. பதினேழு பட்டை தீர்ந்தது. அன்று ராத்திரி கத்தரிக்கோலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளக் கேட்டான், மறுத்துவிட்டேன்.

வெட்டிய துணுக்குகளைக் குப்பையில் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்தோம். நிறம் நிறமாக. மீனுக்குச் செதில், மரத்துக்கு இலை, வீட்டுக்கு ஓடு எல்லாம் அந்த டப்பாவிலிருந்துதான். துணுக்கு வெட்டுவது வீண் வேலை இல்லை, அக்காவுக்குச் சரக்கு சப்ளை செய்யும் வேலை என்று ஆனதும் இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தான்.

பிடியைப் பற்றி. கட்டைவிரல் ஒரு வளையத்தில், நடுவிரல் இன்னொன்றில். பெரிய வளையமாக இருந்தால் மோதிர விரலும் கூட. ஆள்காட்டி விரல் வளையத்துக்கு வெளியே முன்னால் தாங்கி நிற்கும். எல்லாப் பிள்ளைகளும் ஆள்காட்டி விரலை உள்ளே விடத்தான் பார்க்கும், முதல் வாரம் விட்டுவிடலாம். விட்டுவிடக் கூடாதது கட்டைவிரலின் திசை. அது மேலே பார்க்க வேண்டும். அவனுக்கு அது அடிக்கடி கீழே கவிழ்ந்துவிடும், முழங்கை சிறகு மாதிரி விரியும், கத்தரிக்கோல் பக்கவாட்டில் படுத்துவிடும்.

"கட்டைவிரல் மேலே, கட்டைவிரல் மேலே" என்று இருபது தடவை சொல்லியிருப்பேன். எனக்கே சலித்துவிட்டது. ஸ்கெட்ச் பேனாவால் அவனுடைய இரண்டு கட்டைவிரல் நகத்திலும் கண்ணும் வாயும் வரைந்துவிட்டேன். "ரெண்டு பேரும் உன்னைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்டா." அதற்கப்புறம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகம் மறைந்தால் அவனே, "தூங்கிட்டான்" என்று திருப்பிக்கொண்டான். அப்படியும் முழங்கை விரிகிற நாட்களில் பட்டையைச் சுவரில் டேப்பால் ஒட்டித் தொங்கவிட்டு, கீழிருந்து மேலே வெட்டச் சொன்னேன். அந்த நிலையில் கட்டைவிரலைக் கவிழ்ப்பதுதான் கஷ்டம்.

வெட்டும்போது அவன் வாயைப் பார்க்க வேண்டுமே. கத்தரிக்கோல் திறந்தால் வாயும் திறக்கும், மூடினால் மூடும்.

நீளக் கோடு

துணுக்கிலிருந்து நீள வெட்டுக்குப் போகும்போது இரண்டு சிக்கல் வந்தது. ஒன்று, நுனியால் வெட்டுகிறான். கத்தரிக்கோல் ஒரு நெம்புகோல். திருகாணிக்குப் பக்கத்தில் பலம் அதிகம், நுனியில் குறைவு. தாளை வாயின் ஆழத்துக்கு விட வேண்டும். "முதலை நுனிப்பல்லால கடிக்காது, கடவாய்ப்பல்லாலதான் கடிக்கும்" என்றேன். முதலை நிஜத்தில் எப்படிக் கடிக்கும் என்று யாரும் என்னைத் திருத்த வேண்டாம், வேலை நடந்தது.

இரண்டாவது, ஒவ்வொரு தடவையும் முழுக்க மூடிவிடுகிறான். முழுக்க மூடினால் ஒவ்வொரு மூடலின் முடிவிலும் ஓரத்தில் ஒரு பல் விழும், வெட்டு ரம்பம் மாதிரி ஆகும். வாயை முக்கால்வாசி மூடி, மறுபடி திறந்து, முன்னால் தள்ளிப் போக வேண்டும். இது அவனுக்குச் சட்டென்று வரவில்லை. அலகின் நுனிக்குக் கொஞ்சம் உள்ளே மார்க்கரால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, தாள் அந்தப் புள்ளியைத் தாண்டக் கூடாது என்றேன். மூன்று நாள் ஆயிற்று.

கோடு போடும்போது மெல்லிய கோடு போட்டுவிடாதீர்கள். ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு மார்க்கரால் சாலை மாதிரி போட்டேன். சாலைக்குள் எங்கே வெட்டினாலும் சரி. வாரா வாரம் சாலை ஒடுங்கியது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு, இரண்டரை வயதில் துணுக்கு வெட்ட வரும், மூன்று, மூன்றரையில் தாளைக் குறுக்கே வெட்டுவார்கள், நாலில் நேர்கோடு, நாலிலிருந்து ஐந்துக்குள் வட்டம், ஐந்து ஆறில் மூலை திரும்பும் சதுரம். இவன் துணுக்கில் ஆரம்பித்ததே நாலில். அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

வட்டம், அதாவது இன்னொரு கை

வட்டத்தில்தான் என் பாடம் நடந்தது. அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தது கத்தரிக்கோல் பிடித்த கையை மட்டும்.

ஒரு டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வரைந்து கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒன்று வெட்டினேன். என்னைப் பார்த்து அவனும் வெட்டினான். கால் வட்டம் போவதற்குள் அவன் இடது மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது, ஒரு கை இன்னொரு கைக்கு மேல் ஏறியது, கடைசியில் உடம்பையே நாற்காலியில் திருப்பினான். வட்டம் உருளைக்கிழங்காக வந்தது.

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கினபிறகு நான் தனியாக உட்கார்ந்து பத்து வட்டம் வெட்டினேன், என் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு. என் கத்தரிக்கோல் அசையவே இல்லை! மூக்குக்கு நேரே முன்னால் பார்த்து நின்றபடி திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். வட்டத்தைச் சுற்றுவது இடது கை. தாளைக் கொஞ்சம் திருப்புகிறது, விரலை மாற்றிப் பிடிக்கிறது, மறுபடி திருப்புகிறது. இவ்வளவு வருஷம் வெட்டியும் நான் கவனிக்காத ஒன்று. அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வேலை செய்யாத கையைப் பற்றி.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. வலதுகைக்காரன் வட்டத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வெட்டிப்போவான். அப்போதுதான் வட்டம் இடப்பக்கம், பிடிக்கும் கையில் இருக்கும், கழிவு வலப்பக்கம் விழும். இடதுகைக்காரன் கடிகார முள் போகும் திசையில் வெட்ட வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் திசையைக் காட்ட, அவன் அதை அப்படியே பின்பற்றித்தான் முறுக்கிக்கொண்டான்.

மறுநாள் எதிரே உட்கார்ந்தேன். கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. என் வலது கைக்கு நேரே அவன் இடது கை. நான் என் வலப்பக்க ஓரத்தில் ஆரம்பித்து எனக்கு முன்னால் போனேன், அவன் அவனுடைய இடப்பக்க ஓரத்தில் ஆரம்பித்து அவனுக்கு முன்னால் போனான். திசை தானாகச் சரியாகிவிட்டது. "கத்தரிக்கோல் பஸ் ஸ்டாண்டுல நிக்குது, ரோடுதான் வருது" என்றேன். சிரித்துவிட்டு வலது கையால் தாளைத் திருப்ப ஆரம்பித்தான்.

தாளைத் திருப்ப வசதியாக இருக்க, பெரிய தாளில் நடுவே வட்டம் போடாமல், வட்டத்தைச் சுற்றி ஒரு விரல்கடை விட்டு மீதித் தாளை முதலிலேயே வெட்டி எறிந்துவிட வேண்டும். பெரிய தாள் கையில் ஆடும், சின்னப் பிள்ளைக்கு அதைச் சுழற்ற முடியாது. அதற்கு முன்படியாகச் சதுரத்தின் நாலு மூலையையும் நறுக்கி எட்டுப் பக்கமாக்கி, அந்த மூலைகளையும் நறுக்கச் சொன்னேன். வட்டத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

வட்டம் வந்ததும் பாம்பு. வட்டத்துக்குள் சாலை அகலத்தில் சுருள்கோடு போட்டு, வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டே போக வேண்டும். சுருளை அவன் கைக்குத் தோதாகக் கடிகாரத் திசையில் வரைந்தேன். நடுவில் ஒரு தலை. நூல் கட்டித் தொங்கவிட்டால் நீளமாக இறங்கும். மேசை விளக்குக்கு மேலே நன்றாகத் தள்ளித் தொங்கவிட்டோம். சூடான காற்று மேலே ஏறும்போது சாய்ந்த பட்டைகளைத் தள்ளுவதால் பாம்பு மெதுவாகச் சுற்றும். எங்கள் எல்இடி விளக்கின் சூடு பத்தவில்லை. ஃபேனை ஒன்றில் வைத்ததும் பாம்பு ஆடிய ஆட்டம் போதுமானதாக இருந்தது.

விளக்கு பூரான் ஆனது

காகித விளக்கு எல்லோரும் செய்வதுதான். தாளை நீளவாக்கில் பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து வெட்டுகள் போட்டு, திறந்த ஓரத்துக்கு இரண்டு விரல்கடை முன்னால் நிறுத்த வேண்டும். விரித்து, சுருட்டி ஒட்டினால் நடுவில் புடைத்துக்கொண்டு விளக்கு நிற்கும். 'நிறுத்துவது'தான் இதில் புதுப் பாடம். நிறுத்தக்கோட்டின் மேல் ஒரு பட்டை டேப் ஒட்டிவிட்டேன். டேப்பைத் தொட்டதும் கையில் வித்தியாசம் தெரியும், நின்றுவிடுவான்.

எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுவது என்று நான் சொல்லும்போது அவன் கவனம் ஜன்னலில் இருந்தது. திறந்த ஓரத்திலிருந்து வெட்டிவிட்டான், அழகாக, சீராக, பன்னிரண்டு வெட்டு. விரித்தால் நடுவே ஒரு முதுகெலும்பு, இரண்டு பக்கமும் கால்கள். முகம் சுருங்கியது. அக்கா வாங்கிப் பார்த்தாள். "டேய், பூரான்டா!" இரண்டு கண் வரைந்தாள், கால்களைக் கீழே மடித்து நிறுத்தினாள். அதற்கப்புறம் விளக்கு யாருக்கும் வேண்டாம் என்றாகிவிட்டது. ஆறு பூரான். ஒன்று இன்னும் என் புத்தக அலமாரியில் நிற்கிறது.

சரியான பக்கம் வெட்டியதைச் சுருட்டாமல் தட்டையாக வைத்து, வேறு நிறப் பட்டைகளை மேலும் கீழுமாக நுழைத்தால் பாய் கிடைக்கும். ஜெர்மனியில் 1840இல் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் சூட்டிய ஃபிரோபெல், சிறுவர்களுக்கு வகுத்த கைவேலைகளில் காகிதப் பாய் பின்னலும் ஒன்று. பெரியவள் முக்கால் பாய் பின்னினாள். சின்னவனுக்குப் பின்னுவதில் அக்கறை இல்லை, பட்டை வெட்டித் தருவதோடு சரி.

அக்காவுக்கு

தம்பிக்கே எல்லாம் நடக்கிறது என்று அவளுக்குக் குறை. ஆறு வயதுக்காரிக்கு இரண்டு வேலை கொடுத்தேன்.

ஏ4 தாளை நீளவாக்கில் மடித்து, ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒன்றாக 19 வெட்டு. முதல் வெட்டு மடிப்பிலிருந்து, அடுத்தது திறந்த ஓரத்திலிருந்து, இப்படி மாற்றி மாற்றி, கடைசி வெட்டும் மடிப்பிலிருந்து. ஒவ்வொன்றும் மறு ஓரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். அப்புறம் இரண்டு முனைப் பட்டைகளின் மடிப்பை விட்டுவிட்டு, நடுவில் உள்ள மடிப்பையெல்லாம் வெட்டிவிட வேண்டும். மெதுவாக விரித்தால் பெரிய வளையம். அதற்குள் முதலில் அவள் நுழைந்தாள், அப்புறம் நான் நுழைந்தேன். முதல் தாள் நான் கோடு தப்பாகப் போட்டதால் இரண்டாகப் போயிற்று என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இன்னொன்று மோபியஸ் பட்டை. 1858இல் மோபியஸ், லிஸ்டிங் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் தனித்தனியாக எட்டிய வடிவம். ஐந்து சென்டிமீட்டர் அகலப் பட்டையை வளையமாக ஒட்டும் முன் ஒரு முனையை அரைத் திருப்பு திருப்பி ஒட்ட வேண்டும். நடுக்கோட்டில் சுற்றிலும் வெட்டினால் இரண்டு வளையம் வர வேண்டும் அல்லவா? ஒரே நீள வளையம் வரும். அதை மறுபடி நடுவே வெட்டினால் இப்போது இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு. பெரியவள் நான் ஏமாற்றுகிறேன் என்று நினைத்து, தானே ஒன்று ஒட்டி வெட்டிப் பார்த்தாள்.

போர்வை

ஐந்தாவது வாரத்தில் என் போர்வையின் ஓரத்தில் நாலு வெட்டு. சீராக, ஒரே இடைவெளியில், ரொம்ப நேர்த்தியாக. திட்டுவதா மெச்சுவதா என்று ஒரு நிமிடம் தெரியவில்லை. "துணியும் வெட்டுமான்னு பாத்தேன்" என்றான். கத்தரிக்கோல் துணுக்குப் பெட்டியோடு தட்டில்தான் இருக்கும், உட்கார்ந்துதான் வெட்டணும், தட்டில் இருக்கிறதை மட்டும்தான் வெட்டணும், யாருக்காவது கொடுத்தால் மூடிய அலகைக் கையில் பிடித்து வளையத்தை நீட்டணும் என்று அன்றுதான் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது. முடியில் கைவைக்கும் முன் போர்வையோடு போயிற்றே.

போன வாரம் ஏதோ பொட்டலம் பிரிக்க அவசரத்துக்கு அவன் கத்தரிக்கோலை எடுத்தேன். வைத்து அழுத்தினேன். வெட்டவில்லை. உறை இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கி மாட்டிக்கொண்டது. உருவி மறுபடி வைத்தேன், மறுபடியும் மடங்கியது. தரையில் பூரானுக்குக் கால் மடித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்பா, அது அந்தக் கைக்கு வெட்டாது. இங்க கொடு."